பதினோரு பேரும் ஒரு நாயும்

ரெய்க்யவிக்
20 நவம்பர் 1965

என் அன்பான ஸ்டெய்னுன்,

நலம்தானே? முதுகுவலி தேவலையா? கால்ட்விக்கில் இதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போயிருக்கும், இனி ஜனவரி கடைசியில்தான் தலையைக் காட்டும். இங்கேயும் பெரிதாக வெளிச்சம் இல்லை. ஆனால் கடைத்தெருவில் விளக்குகளாவது இருக்கின்றன.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் உங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருக்கும் கும்மா ஒட்டுக்கேட்டு, லோவா பள்ளியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கு என்ன பரிசு என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவாள். அதனால்தான் கடிதம். உன் மகளுக்கு இந்த வருஷம் என்ன புத்தகம் வேண்டும்? புத்தகப் பட்டியல் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்குமே. எதில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள் என்று பார்த்து எழுது.

எங்கள் புத்தகக் கடையில் கால் வைக்க இடமில்லை. வருஷம் முழுக்கத் தூங்குகிற பதிப்பாளர்கள் நவம்பரில் முழித்துக்கொண்டு வண்டி வண்டியாகக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு புதுப் புத்தகம் இல்லாமல் படுக்கப் போனால் விடியாது என்பதுபோல ஜனங்கள் முண்டியடித்து வாங்குகிறார்கள். நான் எல்லாவற்றையும் படித்துவிட்டு விற்கிறேன் என்று நினைக்காதே. அட்டையைப் பார்ப்பேன், "பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்" என்பேன், காகிதத்தில் சுற்றிக் கொடுப்பேன். கேட்கிறவர்களுக்கும் அதற்கு மேல் நேரமில்லை.

என் தம்பி எப்படி இருக்கிறான்? எஞ்சின் கையேட்டைத் தவிர வேறெதையும் படிக்காத அவனுக்குக் கம்பளிக் கையுறைதான் அனுப்புவேன் என்று சொல். சீக்கிரம் பதில் போடு.

உன்
உன்னுர்


கால்ட்விக்
2 டிசம்பர் 1965

அன்புள்ள உன்னுர்,

நாங்கள் மூவரும் சுகம். முதுகு பரவாயில்லை. உன் இருமல் போய்விட்டதா? கடைக்குள் குளிர்ந்த காற்று வரும் கதவருகே நிற்காதே.

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. தபால் படகு காற்றுக்குப் பயந்து அடுத்த ஊரில் பல நாள் கட்டிக் கிடந்ததாம்.

லோவா பட்டியலில் கோடு போட்டிருப்பது எல்லாமே கடல் கதைகள். ஒன்பது வயது பெண் பிள்ளை, பெரியவளானதும் அப்பாவோடு தெர்னா படகில் வேலைக்குப் போவேன் என்கிறாள். உன் தம்பி கெஸ்துர் சிரித்துக்கொண்டே, "வாயேன், தூண்டில்ல இரை கோக்க ஆள் இல்லாம தவிக்கிறோம்" என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆகவே உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். குதிரை, பூனை, பேய், இளவரசி, எதுவானாலும் அனுப்பு. கடல் மட்டும் வேண்டாம். புது வருஷம் பிறந்ததும் தெர்னா ஆழ்கடலுக்குப் போகத் தொடங்கிவிடும், ஒரு வாரம் பத்து நாள் அங்கேயே கிடக்கும். அந்த நாட்களில் சமையலறை ரேடியோவில் படகுகள் பேசிக்கொள்ளும் அலைவரிசையைத் திருப்பி வைத்துக்கொண்டு அவர் குரல் வருகிறதா என்று கேட்டபடிதான் பாத்திரம் கழுவுகிறேன். போன குளிர்காலத்தில் அடுத்த ஊர்ப் படகு ஒன்று திரும்பவில்லை, உனக்குத் தெரியும். வீட்டுக்குள்ளும் கடல் வேண்டாம், உன்னுர்.

கெஸ்துர் உனக்கு அன்பு சொல்லச் சொன்னார். கையுறை பெரிய அளவாக இருக்கட்டுமாம்.

உன் ஸ்டெய்னுன்


ரெய்க்யவிக்
11 டிசம்பர் 1965

என் ஸ்டெய்னுனுக்கு,

நான் சௌக்கியம். இருமல் போய்விட்டது. உங்கள் எல்லாருடைய உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

முதலில் கெட்ட செய்தி. உன் பதில் வருவதற்கு முன்பே பார்சல் கிளம்பிவிட்டது. பதிலுக்காகக் காத்திருந்தால் கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேராதே என்று பயந்து, நானாகவே தேர்ந்தெடுத்தேன். என் நேரம், அது கடல் கதை.

ஆனால் பதறாதே. பெயர் 'பதினோரு பேரும் ஒரு நாயும்'. அட்டையில் ஒரு படகு, அதன் முனையில் ஒரு குட்டி நாய் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. நாய் சிரிக்கிற புத்தகத்தில் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது? அந்தச் சிரிப்பைப் பார்த்துதான் வாங்கினேன். எடுத்த ஒரு மணி நேரத்தில் மீதிப் பிரதிகள் எல்லாம் விற்றுப்போய்விட்டன.

முன்பக்கத்தில் மசியால் எழுதியும் கொடுத்திருக்கிறேன்: "கெஸ்துரின் மகள் லோவாவுக்கு. அப்பா கடலுக்குப் போகும்போதெல்லாம் நீயும் கூடவே போக." அவளுக்குப் பிடிக்கும். நீயும் கொஞ்சம் சிரி.

கையுறை பெரிய அளவுதான். பண்டிகைக்கு அழுகவைத்த திருக்கை மீனை எனக்கும் ஒரு துண்டு சேர்த்துச் சாப்பிடுங்கள். இங்கே மாடியில் அதை வேகவைத்தால் அந்த நாற்றத்துக்குக் கீழ்வீட்டுக்காரி என்னைத் தெருவில் நிறுத்திவிடுவாள்.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகளுடன்,
உன்னுர்


கால்ட்விக்
2 ஜனவரி 1966

அன்புள்ள உன்னுர்,

புத்தாண்டு உனக்கு நல்லபடி அமையட்டும். இங்கே எல்லாரும் நலம். கையுறை கச்சிதமாக இருக்கிறது. கெஸ்துர் அதைப் போட்டுக்கொண்டேதான் காபி குடித்தார், கழற்றச் சொன்னால் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை ஆறு மணிக்கு ரேடியோவில் தேவாலய மணி அடித்தது, புகைபோட்ட ஆட்டுக்கறி சாப்பிட்டோம், பிறகு பரிசுகளைப் பிரித்தோம். லோவா உன் புத்தகத்தை மோந்து பார்த்தாள். நீ எழுதியதைச் சத்தமாக வாசித்தாள். பிறகு என்ன செய்தாள் தெரியுமா? மூடி வைத்துவிட்டாள். "அப்பா வீட்டுல இருக்கும்போது இதைப் படிக்கக் கூடாது. அவர் போகும்போதுதான் நானும் கூடப் போகணும்னு அத்தை எழுதியிருக்காங்க" என்கிறாள். ஆசைக்கு முதல் அத்தியாயம் மட்டும் படித்தாள். அதில் ஒன்றுமே நடக்கவில்லையாம். படகு துறையில் கட்டியிருக்கிறது, பதினோரு பேரும் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள், நாய் பிஸ்கட்டுக்காகக் காத்திருக்கிறது.

தெர்னாவிலும் பதினோரு பேர்தான்.

நாளை தபால் படகு வந்தால் புத்தகத்தைத் திருப்பி அனுப்பி வேறு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கிறிஸ்துமஸ் முடிந்ததும் நாடே அதைத்தானே செய்கிறது. ஆனால் நீ மசியால் எழுதிவிட்டாய், எந்தக் கடையும் இனி வாங்காது.

நீ அதைப் படித்தாயா? எப்படி முடிகிறது என்று எனக்கு எழுது. நான் புரட்டிப் பார்க்கவில்லை, நேரம் கிடைக்கவில்லை. தெர்னா நாளை மறுநாள் கிளம்புகிறது.

ஸ்டெய்னுன்


ரெய்க்யவிக்
13 ஜனவரி 1966

அன்புள்ள ஸ்டெய்னுன்,

சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன்.

புத்தகத்தைப் படித்தேன். ஒரு வாடிக்கையாளர் மாற்றிக்கொள்ளக் கொண்டுவந்த பிரதி. பதினோரு பேரும் பத்திரமாகத் திரும்பி வருகிறார்கள். நாய்தான் முதலில் கரைக்குக் குதிக்கிறது. நல்ல கதை. லோவா தாராளமாகப் படிக்கட்டும்.

ஆனால் அவசரமில்லை. ஒரு பூனைக் கதை நன்றாக இருக்கிறதாம், அதை அடுத்த தபாலில் அனுப்புகிறேன். முதலில் பூனையைப் படிக்கச் சொல்லேன். பதினோரு பேரைப் பற்றிக் கவலைப்படாதே, அந்த அளவுப் படகு எதிலும் பதினோரு பேர்தான் இருப்பார்கள்.

கடையில் வேலை குவிந்து கிடக்கிறது, இன்று இவ்வளவுதான்.

உன்னுர்


கால்ட்விக்
27 ஜனவரி 1966

அன்புள்ள உன்னுர்,

நலம்தானே? உன் கடிதம் இவ்வளவு சுருக்கமாக வந்து நான் பார்த்ததில்லை.

முந்தாநாள் சூரியன் வந்தது. மலை உச்சியில் ஒரு விரல்கடை தெரிந்துவிட்டுப் போய்விட்டது. சூரியன் திரும்பும் நாளுக்கு வழக்கமாகச் செய்வதுபோல அப்பம் சுட்டு, காபி போட்டு, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டேன். கெஸ்துர் இல்லாமல் இந்தக் காபி இதுவே முதல் தடவை. தெர்னா நடுவில் ஒரு நாள் வந்து மீனை இறக்கிவிட்டு மறுபடி போய்விட்டது.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் அந்தப் புத்தகப் படகின் எஞ்சின் நின்றுபோகிறது. லோவா அதைப் படித்த வாரம் தெர்னாவின் எஞ்சின் நின்றுபோய், இன்னொரு படகு கட்டி இழுத்து வந்தது. ஆறாம் அத்தியாயத்தில் சமையல்காரன் கையைச் சுட்டுக்கொள்கிறான். தெர்னாவின் சமையல்காரர் மணிக்கட்டில் கட்டோடு கரையிறங்கினார். எஞ்சின் நிற்பதும் கை சுடுவதும் எந்தப் படகிலும் நடக்கிறதுதான். எனக்கும் அது தெரியும். ஆனால் கட்டைப் பார்த்ததும் லோவா என் முகத்தைப் பார்த்தாள். நானும் அவள் முகத்தைப் பார்த்தேன், அதுதான் தப்பு.

இப்போது ஒன்பதாம் அத்தியாயத்தில் நிறுத்தியிருக்கிறாள். புயல். கம்பிகளிலும் கயிறுகளிலும் கடல்நீர் உறைந்து பனிக்கட்டி ஏறுகிறது. கவிழாமல் இருக்க எல்லாரும் சுத்தியலால் அடித்து உடைக்கிறார்கள். அங்கே மூடிவிட்டாள். பூனைக் கதையைக் கையால்கூடத் தொடவில்லை.

நீ சொன்ன முடிவைத் தயவுசெய்து இன்னொரு தடவை எழுது. விவரமாக எழுது.

ஸ்டெய்னுன்


கால்ட்விக்
5 பிப்ரவரி 1966

உன்னுர்,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறேன், ஆனால் பதில் எப்போது வருமோ தெரியாது. நீ இன்னும் எழுதவில்லை. போன் கம்பிகள் பனிப்பாரத்தில் அறுந்து கிடக்கின்றன. தபால் படகு வராது என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். யாரிடமாவது பேசியாக வேண்டும், இந்தத் தெருவில் யாரிடமும் பேச முடியாது. எல்லார் வீட்டிலும் அதே ரேடியோதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

தெர்னாவின் குரல் வரவில்லை. மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகின்றன, "தெர்னா, தெர்னா, கேக்குதா?" பதில் இல்லை. கடைசியாக அவர்கள் சொன்னது, பனி ஏறுகிறது, உடைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது.

லோவா அதைக் கேட்டுவிட்டாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அம்மா, நான் மூடி வெச்சதாலதான் அவங்க இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்காங்களா? நான் மேல படிச்சாதான் வீட்டுக்கு வருவாங்களா?"

படி என்றால் அடுத்த அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். படிக்காதே என்றால் அப்பாவை அந்தப் பனியிலேயே நிறுத்தி வைத்திருப்பதாகப் பிள்ளை நினைப்பாள். "சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றேன். இருவருமே சாப்பிடவில்லை.

ஆமாம், எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் அன்றே அவள் தூங்கியபின் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டேன். நேரம் கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதியது பொய். யாரும் திரும்புவதில்லை. நாய் மட்டும் நீந்தி வந்து கரையில் உட்கார்ந்திருக்கிறது. வேறு முடிவு எதையாவது நீ படித்திருப்பாயோ, என் கண்தான் பிசகியதோ என்ற நப்பாசையில் உன்னிடம் கேட்டேன். நீ நான் கேட்க விரும்பியதையே எழுதினாய். அன்றுதான் நிஜமாகவே பயந்தேன். பொய் சொல்ல வராத உன்னுரே பொய் சொல்கிறாள் என்றால் அவளுக்கும் பயம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்.

நான் படித்தவள், உன்னுர். காகிதத்துக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தவள். இருந்தும் அந்தப் புத்தகத்தின் மேல் எதையும் வைக்க மாட்டேன் என்கிறது என் கை. பாரம் ஏறிவிடுமோ என்று.

ஸ்டெய்னுன்


ரெய்க்யவிக்
6 பிப்ரவரி 1966

என் கண்ணே ஸ்டெய்னுன்,

நலம் கேட்க வாய் வரவில்லை. ரேடியோவில் கேட்டேன். கால்ட்விக்குக்கு லைன் கேட்டால் இல்லை என்கிறார்கள். விமான நிலையத்துக்கு நடந்தே போனேன், மேற்கே எதுவும் பறக்காதாம். கடற்கரையில் நின்று பார்த்துவிட்டு வந்தேன், அங்கிருந்து எதைப் பார்க்க முடியும்?

உன் போன கடிதத்துக்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று சொல்லிவிடுகிறேன். விவரமாக எழுது என்றாய். இல்லாத ஒன்றை எப்படி விவரமாக எழுதுவது? மூன்று தடவை உட்கார்ந்து மூன்று தடவையும் கிழித்தேன். பதினோரு பேரில் ஒருவர்கூட வருவதில்லை. சிரிக்கிற நாயைப் பார்த்து ஏமாந்து, என் தம்பி மகளின் கையில் அதைக் கொடுத்தேன். அப்பாவோடு கூடவே போ என்று எழுதியும் கொடுத்தேன்.

அதை அடுப்பில் போடு. பிள்ளை அழுதால் அழட்டும், அத்தைதான் எரிக்கச் சொன்னாள் என்று சொல். என்னை வெறுக்கட்டும்.

அவன் சின்ன வயதில் துறைமுகத்தில் தண்ணீருக்குள் விழுந்தபோது நான்தான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். இன்றைக்குக் கையெட்டும் தூரத்தில் நான் இல்லை.

உன்னுர்


கால்ட்விக்
20 பிப்ரவரி 1966

அன்புள்ள உன்னுர்,

என் தந்தி கிடைத்திருக்கும், உன் பதில் தந்தியும் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது கும்மாவே அழுதாள். நீ நன்றாகத் தூங்குகிறாய் அல்லவா? நாங்கள் மூவரும் நலம் என்று எழுதவே இனிக்கிறது.

பனிப்பாரத்தில் ரேடியோ கம்பம் முறிந்துபோனதால்தான் குரல் வரவில்லை. கடலுக்குள் நீண்ட ஒரு நிலமுனைக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, புயல் அடங்கியதும் வந்து சேர்ந்தார்கள். பதினோரு பேரும். கெஸ்துருக்கு வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. உன் கையுறைதான் மீதியைக் காப்பாற்றியது என்கிறார் டாக்டர்.

உன் கடிதம் அதற்கப்புறம்தான் வந்தது. முன்பே வந்திருந்தாலும் எரித்திருக்க மாட்டேன். எரித்தால் அதற்குள் இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று நினைக்கும் நிலையில்தான் இருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. கொஞ்சம்தான்.

முக்கியமானதைக் கேள். கெஸ்துர் வந்த நாலாம் நாள் லோவா புத்தகத்தை அவர் மடியில் கொண்டுபோய் வைத்தாள். "நீங்களே படிங்கப்பா. ஒன்பதாவதுலருந்து" என்றாள். நான் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஓடிப்போய்ப் பிடுங்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவர் பள்ளிப் பையனைப்போல மெதுவாகப் படித்தார். பனி, சுத்தியல், அலை. கடைசி அத்தியாயம் வந்தது. பக்கங்களை முன்னால் புரட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடர்ந்தார். புயல் ஓய்ந்தது, பதினோரு பேரும் துறைக்கு வந்து சேர்ந்தார்கள், நாய்தான் முதலில் கரைக்குக் குதித்தது.

அப்படியே நீ எனக்கு எழுதியது, உன்னுர். உன் கடிதத்தை அவர் பார்த்ததே இல்லை. கூடப்பிறந்தவர்கள் பொய்கூட ஒரே மாதிரிதான் சொல்வீர்கள் போலிருக்கிறது.

லோவா, "நல்ல கதை" என்று சொல்லிவிட்டு அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். புயலுக்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கியது அன்றுதான். இந்தப் புத்தகப் பேச்சு இத்தோடு முடியட்டும்.

மார்ச்சில் தெர்னா மறுபடி போகும். கை ஆறட்டும் என்றால் கேட்கவில்லை.

உன் ஸ்டெய்னுன்


கால்ட்விக்
6 மார்ச் 1966

அன்புள்ள உன்னுர் அத்தைக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? எனக்கு ஒரு பல் விழுந்துவிட்டது. அப்பாவின் கையில் கட்டு சின்னதாகிவிட்டது. அம்மாவுக்கு முதுகு வலிக்கவில்லை.

இந்தக் கடிதத்தை நானே ஒட்டினேன். அம்மாவிடம் காட்டவில்லை. நீங்களும் இதை அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சொல்லாதீர்கள்.

அப்பா புத்தகத்தைத் தப்பாகப் படித்தார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், அவர் விரல் போகிற இடத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான் அப்பாவைவிட வேகமாகப் படிப்பேன். அங்கே எழுதியிருந்தது வேறு. கடைசிப் பக்கத்தில் ஒரு படம் இருந்தது. அதைக் கட்டுப் போட்ட கையால் மூடிக்கொண்டார், ஆனால் இரண்டு விரல் சின்னதாக இருப்பதால் முழுதாக மறைக்க முடியவில்லை. நாய் தனியாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அட்டையில் இருக்கிற மாதிரி அது சிரிக்கவில்லை.

அப்பா ரொம்ப நன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். சமையலறையில் அம்மா மாவு பிசைகிற சத்தமும் நின்றுவிட்டது, கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. அதனால் நல்ல கதை என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்ட மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டேன். ரொம்ப நேரம் அப்பா என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த முடிவு ரொம்பப் பயமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு எனக்கு என்ன வேண்டுமானாலும் அனுப்புங்கள். ஆனால் முதலில் நீங்கள் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிடுங்கள். முன்பக்கத்தில் எதுவும் எழுத வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை தெர்னா போகிறது. நீங்கள் எழுதியபடி நானும் கூடப் போக வேண்டும், இல்லையா? அதனால் புத்தகத்தை மறுபடி தொடங்கப் போகிறேன். ஆனால் முதல் அத்தியாயம் மட்டும்தான் படிப்பேன். அதில் படகு துறையில் கட்டியிருக்கிறது, எல்லாரும் காபி குடிக்கிறார்கள், நாய் பிஸ்கட்டுக்காகக் காத்திருக்கிறது. அது முடிந்ததும் திரும்ப முதல் பக்கத்துக்கே போய்விடுவேன். அப்பா வீட்டுக்கு வரும்வரை அதையே படிப்பேன்.

முத்தங்களுடன்,
லோவா